முதல் ஸ்போர்ட்ஸ் கார்: டிக் அடிக்கும் முன்

கோவை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆப்ஷன் பட்டியலை வரி விடாமல் பார்த்துவிட்டேன். புனே பக்கத்தில், தளேகாவ் எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையில் வாடகை ஷெட்டில் ஒற்றை மெஷினோடு தொழிலை ஆரம்பித்தவன், இன்றைக்கு ஸ்டுட்கார்ட்டிலிருந்து போர்ஷே 911 வரவழைக்கிறாய். உன் அம்மாவைவிட எனக்குத்தான் சந்தோஷம் அதிகம். அதிகப்படி என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். உன் உழைப்பு, உன் காசு. வாங்குவது முடிவாகிவிட்டது; இனி எதற்கு டிக் அடிப்பது, எதை விடுவது என்று மட்டும் பேசுவோம்.

ஒவ்வொரு வரிக்கும் நேராக இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள். இதைத் தொழிற்சாலையில் மட்டும்தான் செய்ய முடியுமா? நான் தினமும் ஓட்டப்போகும் ரோடு இதைக் கேட்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் யோசிக்காமல் டிக் அடி. இரண்டுக்கும் இல்லை என்றால், ஷோரூமில் எவ்வளவு அழகாகக் காட்டினாலும் விட்டுவிடு.

இப்படிக் கறாராகச் சொல்வதற்குக் காரணம் வரி. முழு வண்டியாக இறக்குமதியாகும் காரில் நீ சேர்க்கும் ஒவ்வொரு ஆப்ஷனும் காரின் விலையோடு சேர்ந்தே வரிக்கு வருகிறது. 2025 பட்ஜெட் கணக்குப்படி 40,000 டாலருக்கு மேற்பட்ட காருக்கு அடிப்படைச் சுங்கவரி 70 சதவீதம், அதன் மேல் வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 40 சதவீதம். அங்கே 100 ரூபாய்ப் பொருள் துறைமுகத்திலேயே 210 ஆகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம்; 210 என்பது 294 ஆகிறது. டீலர் கமிஷன், ஆர்.டி.ஓ. வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் இதற்குப் பிறகு. ஆக, ஜெர்மனியில் ஒருவன் 'இருந்துவிட்டுப் போகட்டும்' என்று சேர்த்துக்கொள்ளும் தையல் நூல் கலருக்கு நீ கிட்டத்தட்ட மூன்று மடங்கு கொடுக்கிறாய். 2024-ல் இந்த 911 கரேரா இங்கே அறிமுகமானபோது ஷோரூம் விலையே 1.99 கோடியில்தான் தொடங்கியது. அந்தத் தொகைக்கு மேல் வைக்கும் ஒவ்வொரு டிக்கும் உன் ஷெட்டின் கரண்ட் பில்லோடு வைத்துப் பார்க்க வேண்டிய பணம்.

முதலில் டிக் அடிக்க வேண்டியது முன் ஆக்ஸில் லிஃப்ட். உன் பட்டியலில் அது காலியாக இருக்கிறது. கார்பன் ஃபைபர் அலங்காரத்துக்கு டிக் விழுந்திருக்கிறது. மாற்று.

வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று இண்டியன் ரோட்ஸ் காங்கிரஸ் அளவு வைத்திருக்கிறது: 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அந்த அளவில் போட்டால் எந்தக் காரும் மெதுவாக ஏறி இறங்கும். ஆனால் நீ குடியிருக்கும் ஸ்டேஷன் பக்கத்துச் சந்துகளில் அப்படி ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. சொசைட்டிக்காரர்கள் சாயங்காலம் சிமெண்ட் குழைத்து ஒரு முழ அகலத்தில் எழுப்பியவைதான் அத்தனையும். ஸ்விஃப்ட்டே அடி தட்டும் இடம் அது. 911-ன் மூக்குக்குக் கீழே ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் உதடு இருக்கும், பார்த்திருப்பாய். முதலில் உரசுவது அது. அதற்கு அடுத்தது பெயிண்ட் அடித்த பம்பர். லிஃப்ட் இருந்தால் ஒரு பட்டனில் மூக்கு சுமார் 40 மி.மீ. உயரும், 35 கி.மீ. வேகம் வரை அப்படியே நிற்கும். இடத்தை ஒரு தடவை நினைவில் வைக்கச் சொன்னால், ஜி.பி.எஸ். பார்த்து அடுத்த முறை தானே தூக்கிக்கொள்ளும். வண்டி வந்த பிறகு வெளியே பொருத்திக்கொள்ளக்கூடிய சாமான் இல்லை இது. ஹைட்ராலிக் குழாயும் பம்பும் தொழிற்சாலையிலேயே உள்ளே போக வேண்டும்.

ஆர்டர் போடுவதற்கு முன் இன்னொரு வேலையும் செய். உன் அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட் ராம்ப் மேலே சமதளத்தில் சேரும் இடம் ஒரு முதுகு மாதிரி நிற்கும். 911-ன் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2,450 மி.மீ. அந்த நீளத்துக்கு ஒரு நூலை எடுத்து, இரண்டு முனையிலும் ஒரே உயரக் கட்டை வைத்து முதுகின் மேல் இழுத்துக் கட்டு. முதுகு நூலைத் தொடாமல் இருக்கக் கட்டை எத்தனை மி.மீ. வேண்டியிருக்கிறது என்று பார். அந்த அளவை டீலர் கொடுக்கும் கிரவுண்ட் கிளியரன்ஸோடு ஒப்பிடு. ஆள் ஏறினால் வண்டி அமரும் என்பதற்குக் கொஞ்சம் கழித்துக்கொள். மூக்கு 40 ஏறினால் நடுவயிறு ஏறுவது ஏறக்குறைய பாதிதான் என்பதையும் மறந்துவிடாதே. டூல் ரூமில் மைக்ரான் பார்க்கிற உனக்கு இது கால்மணி நேர வேலை. இதைப் பார்க்காமல் வாங்கி, தன் வீட்டுப் பார்க்கிங்குக்குள் வண்டியை இறக்க முடியாமல் தெருவில் நிறுத்தி வைத்திருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

இதே காரணத்துக்காக, 10 மி.மீ. தாழ்த்தித் தரும் ஸ்போர்ட் சஸ்பென்ஷன் வேண்டாம். சாதாரண வண்டியிலேயே தானாக இறுக்கம் மாற்றிக்கொள்ளும் டாம்பர் வருகிறது. அது போதும், தாராளமாகப் போதும்.

சக்கரத்தில்தான் உன்னோடு எனக்குச் சண்டை. நீ முன்னால் 20, பின்னால் 21 அங்குலம் கேட்டிருக்கிறாய். படத்தில் அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணக்கைப் பார். கரேராவுக்கு இயல்பாக வரும் 19 அங்குல முன்சக்கரத்துக்கு 235/40 டயர்; பக்கச்சுவர் 94 மி.மீ. நீ கேட்கும் 20 அங்குலத்துக்கு 245/35. பக்கச்சுவர் 86 மி.மீ.க்குள். பின்னால் 103-லிருந்து 92-க்கு இறங்குகிறது. ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் இவ்வளவுதான். தளேகாவ்-சாக்கண் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் தோண்டி வைத்திருக்கும் குழி ஆடி மாத மழையில் தண்ணீர் நிரம்பி நிற்கும்போது அதன் ஆழம் யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் உனக்கு வேண்டியது இந்த எட்டு, பத்து மில்லிமீட்டர் ரப்பர். இன்னொன்று: 2020 ஜூன் முதல் டயர் இறக்குமதிக்கு அரசு லைசன்ஸ் கட்டுப்பாடு வைத்தது. இந்த மாதிரி அளவு டயர் ஒன்று வெடித்தால் அடுத்த நாளே கடையில் கிடைத்துவிடும் என்று நம்பாதே. எந்த அளவு டயர் புனேயிலோ மும்பையிலோ ஸ்டாக்கில் இருக்கிறது என்று கேட்டுவிட்டுச் சக்கரத்தை முடிவு செய். ஸ்டெப்னி கிடையாது, காற்றடிக்கும் பம்பும் ஒட்டுப் பசையும்தான் கொடுப்பார்கள் என்பதையும் நினைவில் வை.

அடுத்தது, ஒரு பைசா கூடுதல் செலவில்லாத ஆப்ஷன். நீ அதைக் கவனிக்கவே இல்லை. 2024-ல் வந்த மாற்றத்துக்குப் பிறகு கரேரா கூப்பே இரண்டு சீட்டோடுதான் வருகிறது. பின் சீட் வேண்டும் என்று கேட்டால் இலவசமாகப் போட்டுத் தருவார்கள்; கேட்காவிட்டால் வராது. பெரியவர்கள் உட்கார முடியாத சின்னச் சீட்டுதான். ஆனால் உனக்கு வீட்டில் பாப்பா இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை லோணாவளா போகும்போது அவளை வீட்டில் விட்டுவிட்டுப் போகிற காரை வாங்காதே, கண்ணு. பின் சீட்டுக்கு இன்றைக்கே டிக் அடி.

முன் சீட்டைப் பற்றியும் அதே அக்கறை. பக்கத்தை இறுக்கிப் பிடிக்கும் பக்கெட் சீட் பந்தய மைதானத்துக்கு நல்லது. முழங்கால் வலியோடு உன் அம்மா அதில் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். அவளை ஷோரூமுக்குக் கூட்டிக்கொண்டு போ, உட்காரச் சொல், தானாக எழுந்து வெளியே வருகிறாளா என்று பார். 18 விதமாக அசைக்கக்கூடிய சீட்டும், காற்று வரும் வசதியும் காசுக்குத் தகுந்த பொருள்கள், அவற்றுக்குக் கொடு. தளேகாவ் கோடை கோவை மாதிரி இதமானது என்று நீ சொல்வாய். மே மாதத்தில் வெயிலில் நின்ற காரின் கறுப்பு லெதருக்கு அந்த இதம் தெரியாது.

வேகத்தைப் பற்றி. ஸ்போர்ட் க்ரோனோ சேர்த்தால் 0-லிருந்து 100-க்கு 4.1 நொடியில் போகும் வண்டி 3.9-ல் போகும். இங்கே தரும் வண்டியில் அது ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று முதலில் கேள். இருந்தால் பேச்சே இல்லை. இல்லையென்றால், நீ தினமும் ஏறும் மும்பை-புனே எக்ஸ்பிரஸ்வேயில் சமதளத்தில் 100, கண்டாலா மலைப்பாதையில் 60தான் கார்களுக்கான எல்லை. கேமராக்கள் வரிசையாக இருக்கின்றன. அந்த 0.2 நொடியை எங்கே செலவழிப்பாய்? விற்கும்போது கேட்பார்கள் என்பார்கள், உண்மைதான். ஆனால் முதல் காரை அடுத்தவன் வாங்குவதற்காக நீ ஆர்டர் செய்யக்கூடாது. செராமிக் பிரேக்குக்கும் இதே பதில். சுற்றுக்குச் சுற்று பிரேக் சூடாகிற பந்தயத்தில்தான் அதன் மதிப்பு. டிஸ்க் மாற்ற நேர்ந்தால் செலவு லட்சங்களில் போகும். இரும்பு டிஸ்க் உனக்குப் போதும்.

சத்தம் உனக்குப் பிடிக்கும் என்று தெரியும். ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்ட் வாங்கு, நான் தடுக்கமாட்டேன். ஆனால் கம்பெனியிலிருந்தே வாங்கு. வெளியே சைலன்சர் மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் மாட்டும், வாரண்டிக்கும் வம்பு. கம்பெனி எக்ஸாஸ்ட்டை ஒரு பட்டனில் அடக்கலாம். காலை ஆறு மணிக்குச் சொசைட்டி கேட்டைத் தாண்டும்வரை அடக்கியே வை.

கலர் உன் இஷ்டம். பெயிண்ட் மேல் ஒட்டும் பாதுகாப்பு ஃபிலிமை இங்கே நல்ல கடையில், நீ கூட நின்று போட்டுக்கொள்.

தாள் வேலைகளில் சோம்பல் வேண்டாம். ஒவ்வொரு ஆப்ஷனும் குறியீட்டோடு ஆர்டர் படிவத்தில் இருக்கிறதா என்று பார். எந்தத் தேதிக்குப் பிறகு மாற்ற முடியாது என்பதை எழுத்தில் வாங்கு. வண்டி தயாராகும் மாதத்தைக் கேள்; டிசம்பரில் தயாராகி மார்ச்சில் வந்தாலும் ஆர்.சி.யில் பழைய வருடம்தான் விழும். ஆப்ஷன் எல்லாம் இன்வாய்ஸில் ஏறினால்தான் இன்ஷூரன்ஸ் மதிப்பில் வரும். ஜீரோ டெப்ரிசியேஷன், முழு இன்வாய்ஸ் தொகை, டயர், மழைத் தண்ணீர் புகுந்தால் எஞ்சின், இந்த நாலு கவரையும் எடு. புதுச்சேரி முகவரியில் பதிந்தால் மிச்சம் என்று யாராவது சொன்னால் அந்த ஆளோடு அதற்குப் பிறகு பேசாதே. மகாராஷ்டிராவில் 2025 ஜூலையிலிருந்து ஒரு காருக்கான வரியின் உச்சவரம்பை 20 லட்சத்திலிருந்து 30 லட்சமாக்கிவிட்டார்கள். நீ அங்கே வாழ்கிறாய், அங்கேயே கட்டு.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. தளேகாவில் ஜி.எம். ஆலை 2008-ல் திறந்ததும், 2020 டிசம்பரில் உற்பத்தி நின்றதும், 2023-ல் ஹூண்டாய் அதை வாங்க ஒப்பந்தம் போட்டதும் உனக்குத் தெரியும். அந்த நடு வருடங்களில் சுற்றியுள்ள சின்னப் பட்டறைகளில் மெஷின் எத்தனை நாள் சும்மா நின்றது என்பதை அங்கே இருந்த காலத்தில் நான் பார்த்தேன். உன் தொழிலும் பெரிய ஆலைகளை நம்பியதுதான். ஆறு மாதச் சம்பளமும் வாடகையும் கையில் தனியாக நின்ற பிறகுதான் ஆப்ஷன் பணம். அந்தத் தொகையைத் தொட்டுத்தான் டிக் அடிக்க வேண்டும் என்றால், லிஃப்டையும் பின் சீட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் நீக்கிவிடு.

மிச்சமாகும் பணத்தில் ஓட்டக் கற்றுக்கொள். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். மணிக்கு 294 கி.மீ. வரை போகும், பின்னால் எஞ்சின் உள்ள வண்டி, நனைந்த ரோட்டில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை எந்த ஆப்ஷனும் உனக்குச் சொல்லித் தராது. நம் கோவையில் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி செய்தார். அதில் பந்தயத்தைத் தொடங்கிய நரேன் கார்த்திகேயன்தான் 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர். சின்ன வண்டியில் கற்றுத்தான் பெரிய வண்டிக்குப் போனார். செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரில் உள்ள கரி ஸ்பீட்வே இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் மைதானம் இருக்கிறது. இரண்டிலும் பயிற்சி நடக்கிறது. வண்டி கப்பலில் வருவதற்குள் நீ இங்கே வந்து ஒரு பயிற்சியை முடித்துவிடு. நம் வீட்டில் தங்கலாம், அத்தையும் உன்னைப் பார்த்து நாளாகிறது என்கிறாள்.

திருத்திய பட்டியலை, கையெழுத்துப் போடும் முன், எனக்கு அனுப்பு. பின் சீட்டும் லிஃப்டும் அதில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
மாமா