படம் சொல்லும் முகவரி

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் முன் எடுத்த படம், எடுத்த இடத்தைச் சொன்னால் பாதகமில்லை. செங்கல்பட்டில் உங்கள் வீட்டு வாசலில் எடுத்த குழந்தையின் படம் அப்படிச் சொன்னால்?

டிஜிட்டல் படத்துடன் எக்சிஃப் என்னும் தகவல் தொகுப்பும் பதிவாகிறது. கேமரா மாடல், தேதி, நேரம் ஆகியவை அதில் இருக்கும். போன் கேமராவில் லொகேஷன் வசதி இயங்கினால், அட்சரேகையும் தீர்க்கரேகையும் சேர்ந்துவிடும். கோயில் படத்தில் 12 டிகிரி 36 நிமிடம் வடக்கு, 80 டிகிரி 11 நிமிடம் கிழக்கு எனக் காணலாம். விநாடி வரை பதிவாவதால், மேப்பில் வீட்டையே கண்டுபிடிக்கலாம். 2012 டிசம்பரில், தலைமறைவாக இருந்த ஆன்ட்டி வைரஸ் புகழ் ஜான் மெக்கபி குவாதமாலாவில் இருப்பதை, ஓர் இதழ் வெளியிட்ட படத்தின் இந்த எண்களே காட்டிக் கொடுத்தன.

விண்டோஸில் இவற்றை நீக்குவது எளிது.

1. படத்தின் மீது ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுக்கவும்.
2. டீடெய்ல்ஸ் டேபில் கிளிக் செய்யவும். ஜிபிஎஸ் என்ற பிரிவு இருக்கிறதா எனப் பார்க்கவும்.
3. கீழே உள்ள 'ரிமூவ் ப்ராப்பர்ட்டீஸ் அண்ட் பெர்சனல் இன்ஃபர்மேஷன்' என்பதில் கிளிக் செய்யவும்.
4. நகல் உருவாக்கும் முதல் ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்து ஓகே தரவும்.

அதே போல்டரில் தகவல் நீக்கிய நகல் கிடைக்கும். அதன் டீடெய்ல்ஸையும் ஒருமுறை பார்த்த பின்பே நான் அனுப்புவேன். மூலப் படம் தேதியுடன் உங்களிடமே இருக்கட்டும்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இத்தகவல்கள் நீங்கிவிடும். டாகுமெண்டாக அனுப்பினாலோ, இமெயிலில் இணைத்தாலோ அப்படியே போகும். போன் கேமரா செட்டிங்ஸில் லொகேஷனை ஆஃப் செய்துவிட்டால், இனி எடுக்கும் படங்களுக்குக் கவலையில்லை.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். படத்திலேயே தெரியும் கதவு எண்ணையும் பள்ளிச் சீருடையையும் எந்த ஆப்ஷனும் நீக்காது.