உப்பின் கட்டும் களர் நிலத்தின் சீர்திருத்தமும்

நாம் தினமும் உணவிற் சேர்க்கும் உப்பு, ஸோடியம், குளோரின் என்னும் இரண்டு மூலப்பொருள்கள் கூடி உண்டான வஸ்து. ஸோடியம் தண்ணீர் பட்டால் சீறும் மெல்லிய உலோகம், குளோரினோ விஷவாயு. இவ்விரண்டும் கூடித் தீங்கற்ற உப்பாவது எங்ஙனம்? இதனை அறிந்தால், களர் நிலத்தைத் திருத்தும் வழியும் எளிதில் விளங்கும்.

ஸோடியம் அணுவில் 11 எலெக்ட்ரான்கள் உள்ளன. அவற்றுள் வெளிவட்டத்தில் தனித்து நிற்கும் ஒன்று எளிதிற் பிரியும். குளோரின் அணுவிலுள்ளவை 17. வெளிவட்டம் நிறைய ஒன்று குறைவு. ஆகையால் ஸோடியம் தன் ஒன்றைக் குளோரினுக்குக் கொடுத்துவிடுகிறது. எலெக்ட்ரான் எதிர் மின்சாரமுடையது. அதை இழந்த ஸோடியம் நேர் மின்சாரமும், பெற்ற குளோரின் எதிர் மின்சாரமும் அடைகின்றன. இங்ஙனம் மின்சாரம் ஏறியவற்றுக்கு அயனிகள் என்று பெயர். நேரும் எதிரும் ஒன்றையொன்று இழுக்கும்; அவ்விழுப்பே அயனிக் கட்டு.

உப்புக்கல்லில் ஒவ்வோர் அயனியையும் எதிரினத்து அயனிகள் ஆறு சூழ்ந்து இழுத்து நிற்கின்றன. ஆதலின் அதை உருக்க 801 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் வேண்டும். ஆயினும் ஓங்கித் தட்டினால் நொறுங்கும். வரிசை நகர்ந்து, ஒரே இனத்தவை நேருக்கு நேர் வந்து ஒன்றையொன்று தள்ளுவதே காரணம். நீரிலோ அயனிகள் பிரிந்து திரியும்; எனவே உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். மண்ணில் உப்பு எவ்வளவு என்று பரிசோதனைச் சாலையில் அளப்பது இக்குணத்தைக் கொண்டே.

இனி நிலத்தைப் பார்ப்போம். களிமண் துகள்கள் எதிர் மின்சாரமுடையவை. களர் நிலத்தில் ஸோடியம் அவற்றை மிகுதியாகப் பற்றியிருக்கும். ஸோடியத்துக்கு ஒற்றை மின்சாரமே உண்டாதலால் பிடி தளர்வு. ஈரம் பட்டதும் துகள்கள் பிரிந்து மண்ணின் துவாரங்களை அடைக்கும். நீர் இறங்காது, வேருக்குக் காற்றும் கிட்டாது. ஜிப்ஸம் என்னும் கால்ஸியம் ஸல்பேட்டில் உள்ள கால்ஸியத்துக்கு இரட்டை மின்சாரம். அது ஸோடியத்தைப் பெயர்த்து, அவ்விடத்தில் தான் அமர்ந்து, துகள்களைச் சேர்த்துப் பிடிக்கும்.

ஜிப்ஸத்தின் இரண்டு அயனிகளும் இரட்டை மின்சாரமுடையவை. அதன் கட்டு இறுக்கமானது. ஒரு லிட்டர் நீரில் உப்பு ஏறக்குறைய 360 கிராம் கரையும். ஜிப்ஸமோ இரண்டு, இரண்டரை கிராமே. ஆகையால் அதை நன்றாகப் பொடி செய்து, மேல்மண்ணிற் கலந்து, நீர் தேக்கிச் சில நாள் விட்டுப் பின்னர் வடித்தல் வேண்டும்.

அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, மண்ணைப் பரிசோதியாமல் ஜிப்ஸம் வாங்கலாகாது. கரைந்த உப்பு மட்டும் மிகுந்த உவர் நிலத்துக்கு நல்ல நீரால் கழுவுதலே போதும். இரண்டாவது, பெயர்ந்த ஸோடியம் நீரோடு வெளியேறாவிடில் செலவிட்ட பணமும் உழைப்பும் வீணே. ஒருவர் வடிக்கும் நீர் அடுத்தவர் வயலில் தேங்கினால், அவர் நிலம் களராகும். ஆதலால் ஜிப்ஸம் மூட்டை வந்து இறங்குமுன், சங்கத்தார் ஒன்றுகூடிப் பொது வடிகாலை வெட்டி முடிப்பார்களாக.