பணம் வரும் நாள்

"பில்லைத் தாளில் அனுப்பினாலென்ன, கணனியில் அனுப்பினாலென்ன? வரப்போவது அதே பணம்தானே?" என்று வியாபாரிகள் பலர் என்னிடம் கேட்பதுண்டு. பணம் அதேதான். வரும் நாள்தான் வேறு. இதற்கு நான் உதாரணமாக எடுப்பது அமெரிக்காவின் மெடிகெயார் திட்டத்தை. பிரதானமாக 65 வயதைக் கடந்தவர்களின் வைத்தியச் செலவை ஏற்கும் அரச காப்புறுதி அது.

அங்கே வைத்தியர் நோயாளியைப் பார்த்த பின் காப்புறுதிக்கு பில் அனுப்ப வேண்டும். தாளில் என்றால், சிவப்பு மையில் அச்சிட்ட தனிப் படிவம் இருக்கிறது. படிவம், கடித உறை, முத்திரை எல்லாம் சில்லறைச் செலவு. ஆளின் நேரம்தான் பெரிய செலவு. ஓர் இலக்கம் பிழைத்தால் தபாலில் போன பில் தபாலிலேயே திரும்பி வரும். அதைத் திருத்தி மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். இலத்திரனியல் பில்லில் இத்தகைய பிழைகள் பலவற்றை வாசலிலேயே கணனி பிடித்துவிடுகிறது.

2001இல் நிறைவேறிய ஒரு சட்டம், 2003 ஒக்டோபர் 16 முதல் மெடிகெயார் பில்களை இலத்திரனியல் முறையில் அனுப்பக் கட்டாயப்படுத்தியது. முழுநேர ஊழியர் 10 பேருக்குக் குறைந்த வைத்தியர் நிலையங்களுக்கும், 25 பேருக்குக் குறைந்த வைத்தியசாலைகளுக்கும் விலக்கு உண்டு.

ஆனால் விலக்குப் பெற்றவர் தப்பித்துக்கொண்டார் என்று எண்ண வேண்டாம். பிழையில்லாத இலத்திரனியல் பில்லுக்கு 14ஆம் நாளிலிருந்து பணம் கொடுக்கலாம். தாள் பில்லுக்கோ 29ஆம் நாளுக்கு முன் கொடுக்கவே கூடாது. 2006க்கு முன் அது 27ஆம் நாளாக இருந்தது.

இதைக் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஒரு வைத்தியர் நாளொன்றுக்கு 1,000 டொலருக்கு பில் போடுகிறார் என்று வைப்போம். 15 நாள் வித்தியாசத்தில் 15,000 டொலர் எப்போதும் வெளியே நிற்கும். அதுவரை வாடகையையும் சம்பளத்தையும் கைமுதலிலிருந்தோ கடனிலிருந்தோதான் கொடுக்க வேண்டும். முத்திரைச் செலவை எண்ணிப் பார்ப்பவர்கள் இந்தத் தொகையை ஏனோ எண்ணுவதில்லை.

கணனியில் பில் அனுப்பிவிட்டு, அதையே அச்சடித்து, பைலில் கோர்த்து, கையாலும் பதிவேட்டில் எழுதுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மிச்சம் ஒன்றுமில்லை, செலவு இரட்டிப்பு.

இன்னொரு பக்கமும் உண்டு. அங்கே பில்கள் பெரும்பாலும் இடைத்தரகுக் கம்பனிகள் ஊடாகவே போகின்றன. 2024 பெப்ரவரி 21இல் அவற்றில் பெரிய ஒன்றான சேஞ்ச் ஹெல்த்கெயார் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி முடங்கியது. தாய்க் கம்பனியான யுனைடட்ஹெல்த் 2 கோடி 20 இலட்சம் டொலர் கப்பம் கட்டியும் வேலை உடனே சீராகவில்லை. அந்த ஒரே வழியை நம்பியிருந்த வைத்தியர்களின் பில்கள் வாரக்கணக்கில் நகரவில்லை. சிலர் மீண்டும் தாளுக்கே போனார்கள். வேறு கம்பனியுடனும் தொடர்பு வைத்திருந்தவர்கள் அந்த வழியால் அனுப்பினார்கள்.

மார்ச் மாதத்தில் மெடிகெயார் முற்பணம் கொடுக்க முன்வந்தது. அதுவும் கடன்தான், பின்னர் வந்த பில்களிலிருந்து கழித்துக்கொண்டார்கள்.