கிராக் போட்ட போட்டோஷாப்பும் கட்டற்ற கருவிகளும்

நம் ஊர் டி.டி.பி. சென்டர்களில் படம் திருத்தும் கிம்ப், வரையும் இங்க்ஸ்கேப், பக்கம் கட்டும் ஸ்கிரைபஸ் என்ற கட்டற்ற கருவிகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே மறுப்பு வந்துவிடும். அந்த மறுப்புகளில் சில பழைய உண்மைகள், சில வெறும் பயம். பிரித்துப் பார்க்காததால்தான் பலரும் திருட்டு நகலிலேயே தொழிலை ஓட்டுகிறார்கள்.

நம்பிக்கை: காசில்லாமல் கிடைப்பது கத்துக்குட்டிகளுக்கானது

2025 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதை வாங்கியது ‘ஃப்ளோ’. லாட்வியாவைச் சேர்ந்த கின்ட்ஸ் சில்பலோடிஸ் இயக்கிய, வசனமே இல்லாத படம். அது பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில் உருவானது. பிளெண்டர் கட்டற்ற மென்பொருளானதும் ஒரு நல்ல கதைதான். 2002இல், பிளெண்டரை உருவாக்கிய டான் ரூசெண்டாலின் நெதர்லாந்து நிறுவனம் மூடப்பட்டது. மூல நிரலைக் கொடுக்க முதலீட்டாளர்கள் 1,00,000 யூரோ கேட்டார்கள். பயன்படுத்தியவர்களே ஏழு வாரத்தில் அதைத் திரட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

நம்பிக்கை: அச்சுக்கு ஆகாது

இது பாதி உண்மை. அந்தப் பாதியை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். திரை காட்டுவது சிவப்பு, பச்சை, நீலம் கலந்த ஆர்ஜிபி. ஆஃப்செட்டில் ஓடுவது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு (சிஎம்ஒய்கே) என நாலு பிளேட். கிம்ப் 1996இல் வெளிவந்ததிலிருந்து ஆர்ஜிபி கருவிதான். 2025இல் வந்த 3.0 பதிப்பிலும் படம் அச்சில் எப்படி வரும் என்று முன்னோட்டம் பார்க்கலாம், சில வடிவங்களில் சிஎம்ஒய்கேயாக வெளியே எடுக்கலாம். ஆனால் படத்தை முழுக்கச் சிஎம்ஒய்கேயிலேயே வைத்துத் திருத்த முடியாது. இங்க்ஸ்கேப் தரும் பிடிஎஃபும் ஆர்ஜிபிதான். அதை அப்படியே பிரஸ்ஸுக்கு அனுப்பினால் கறுப்பு எழுத்து நாலு கலராகப் பிரிந்துவிடும். பிளேட் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தின் ஓரத்தில் சிவப்போ நீலமோ எட்டிப் பார்க்கும்.

இதற்கு வழி, எந்த வேலையை எந்தக் கருவியில் செய்வது என்று தெரிந்துகொள்வது. இங்க்ஸ்கேப்பில் வரைந்த எஸ்விஜி படத்தை ஸ்கிரைபஸுக்குள் கொண்டுவந்து, பக்கத்தை அங்கே கட்ட வேண்டும். ஸ்கிரைபஸ் சிஎம்ஒய்கே நிறங்களை நேரடியாகக் கையாளும், கறுப்பைத் தனிக் கறுப்பாகவே வைத்திருக்கும், அச்சகங்கள் கேட்கும் பிடிஎஃப்/எக்ஸ் வடிவிலும் கோப்பைத் தரும். ஓவியம் வரைகிறவர்களுக்கு கிரிட்டா என்ற கட்டற்ற கருவியிலேயே சிஎம்ஒய்கே உண்டு.

இதெல்லாம் ஏட்டளவில்தானே என்பவர்கள் கேரளத்தைப் பார்க்கலாம். ‘ஜனயுகம்’ என்ற மலையாள நாளிதழ் 2019இல் கட்டற்ற மென்பொருளுக்கு மாறி, ஸ்கிரைபஸில் பக்கம் கட்டத் தொடங்கியது. இதழ் வேலையும் கல்யாணப் பத்திரிகை வேலையும் ஒன்றல்ல என்பது சரிதான். ஆனால் தினமும் குறித்த நேரத்தில் பக்கத்தை அச்சுக்கு அனுப்பியாக வேண்டிய தொழிலுக்கே ஸ்கிரைபஸ் ஈடுகொடுத்திருக்கிறது.

நம்பிக்கை: தமிழ் உடைந்துவிடும்

முன்பு உடைந்தது. ஸ்கிரைபஸ் 1.4இல் ‘கொ’ என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறும். அப்போது முயன்று பார்த்து வெறுத்தவர்கள் பலர். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1.5 வரிசையில் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துருவாக்கப் பொறியைச் சேர்த்தார்கள். ஃபயர்ஃபாக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் நாம் தினமும் படிக்கும் தமிழை ஒழுங்காகக் காட்டுவது இதே பொறிதான். அந்த வேலையெல்லாம் சேர்ந்த நிலையான பதிப்பு, 1.6.0, 2024 ஜனவரியில் வந்துவிட்டது.

தமிழுக்கு உண்மையான சேதம் வேறிடத்தில் நடக்கிறது. பக்கம் கட்டும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அதற்கு யூனிகோட் தெரியாது. அதில் பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருவில் அடித்த புத்தகத்தில் ஒரு சொல்லைத் தேட முடியாது. வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் கிறுக்கல்தான் மிஞ்சும். பழைய வேலைகளை ஸ்கிரைபஸுக்குக் கொண்டுவர, முதலில் உரையை யூனிகோடாக மாற்றி மெய்ப்பும் பார்க்க வேண்டும். இது உழைப்பு பிடிக்கும் வேலை, ஆனால் ஒரு முறை செய்தால் போதும்.

தமிழ் தவிர, மற்ற மென்பொருள்களின் கோப்பு திறக்காது என்ற பேச்சும் உண்டு. போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்புகளை கிம்ப் லேயர்களோடு திறக்கும். சிக்கலான எஃபெக்ட்கள் மட்டும் சரியாக வராமல் போகலாம். கோரல் டிரா கோப்புகளை இங்க்ஸ்கேப் ஓரளவு திறக்கும். இன்டிசைன் கோப்பு அப்படியே திறக்காது. ‘கட்டற்ற கருவியில் செய்த டிசைனை விற்கக் கூடாது’ என்பதோ முழுப் பொய். உரிமத்தின் நிபந்தனைகள் மென்பொருளுக்குத்தான். நீங்கள் வரைந்த லோகோ உங்களுடையது.

நம்பிக்கை: போட்டோஷாப்பும் இலவசமாகத்தானே கிடைக்கிறது!

இதைத்தான் நான் மிகவும் கவலையோடு பார்க்கிறேன். 2013இல் அடோபி மாதச் சந்தா முறைக்கு மாறிய பிறகும் நம் கடைக்காரர் அதைக் கட்டத் தொடங்கவில்லை. கிம்ப்போடு இங்கே போட்டியிடுவது கிராக் போட்ட நகல்தான். அந்த கிராக்கைப் போட முதல் வேலையாக ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். வாடிக்கையாளரின் ஆதார் நகலும் போட்டோக்களும் இருக்கிற அதே கணினியில்! சட்டமும் இதை விட்டுவைக்கவில்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவுப்படி, தெரிந்தே திருட்டு நகலைப் பயன்படுத்துவோருக்கு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தொழில் லாபத்துக்காக இல்லாவிட்டால் சிறையின்றி 50,000 வரை அபராதத்தோடு நீதிமன்றம் விடலாம். கடை நடத்துபவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

விளம்பர நிறுவனத்தில் வேலைக்குப் போகிறவர் அடோபி கற்கத்தான் வேண்டும். அங்கே சந்தாவை நிறுவனமே கட்டும். ஆனால் கற்கத் தொடங்குவதற்கு அது தேவையில்லை. கேரளப் பள்ளிப் பாடநூல்களில் கிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும் பாடமாக இருக்கின்றன. லேயர், மாஸ்க், பெசியர் கோடு எல்லாம் எங்கே கற்றாலும் ஒன்றுதான்.

மாற நினைக்கும் கடைக்காரர் பழையதை அழித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். முதலில் பில் புக், லெட்டர் பேட் போன்ற ஒரு கலர் வேலையை ஸ்கிரைபஸில் செய்து பாருங்கள். நாலு கலர் வேலைக்கு முன், உங்கள் பிரஸ்காரரிடம் ஒரே ஒரு பிடிஎஃபைக் கொடுத்து, பிளேட் போடுவதற்கு முன்பே நாலு கலரும் சரியாகப் பிரிகிறதா என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.