பிளாஸ்மா வெட்டும் மெசின்: எந்த டிப், எத்தனை ஆம்பியர், எவ்வளவு காற்று?



போன மாதம் நாங்கள் லயத்துப் பக்கம் போயிருந்தபோது, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஒரு அம்மா தன் மகனையும் கூட்டிக்கொண்டு எங்களிடம் வந்தார். பொடியனுக்கு இருபது வயது. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு வேர்க்ஷொப்பில் கேட், கிரில் அடிக்கும் வேலை. "நாலு நாளையில ஆறு டிப்பு எரிஞ்சிருச்சுன்னு சம்பளத்துல புடிச்சிட்டாங்க சார். இவன் வேணும்னா எரிச்சான்?" என்று கேட்டார் அம்மா. பொடியன் சட்டைப்பையிலிருந்து எரிந்த டிப்களை எடுத்துக் காட்டினான். வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை முட்டை வடிவில் பிய்ந்து கிடந்தது.

நாங்கள் வெல்டிங் படித்தவர்கள் இல்லை. ஆகவே அந்த டிப்களை எங்களுக்குத் தெரிந்த பழைய பாஸ் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "இது 40 ஆம்பியர் டிப். 60இல் வைத்து வெட்டியிருக்கிறான். காற்றிலே தண்ணியும் வந்திருக்கிறது" என்றார். மெசினோடு வந்த புத்தகத்தில் இதெல்லாம் இருக்கிறது. ஆனால் புத்தகம் இங்கிலீசில் இருக்கிறது. பொடியனுக்கு யாரும் வாசித்துச் சொல்லவில்லை. பிழை பாதி அவனுடையது, பாதி சொல்லிக்கொடுக்காதவர்களுடையது என்பது எங்கள் அபிப்பிராயம். பாஸ் சொன்னதையும் புத்தகத்தில் பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

நம்ம ஊருக்கு எந்திர வேலை புதிதில்லை. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை போடுவதற்கு முன்னமே, 1854இல், ஜோன் வோக்கர் என்பவர் கண்டியில் எந்திர வேலைத்தலம் ஆரம்பித்துவிட்டார். அப்போது கோப்பி எந்திரம், பிறகு தேயிலை எந்திரம். பிளாஸ்மா வெட்டு அதற்கு நூறு வருஷம் பிந்தியது; 1950களில் அமெரிக்காவில் யூனியன் கார்பைட் கம்பெனியில் பிறந்தது. இன்றைக்குக் கையில் தூக்கிப் போகிற 40, 50 ஆம்பியர் மெசின்கள் சிறு வேர்க்ஷொப்புகளுக்கும் வந்துவிட்டன. காஸ் கட்டரால் சில்வர் தகட்டை, அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை, ஒழுங்காக வெட்ட முடியாது. பிளாஸ்மா அதையும் அலுமினியத்தையும் வெட்டும். அதனால்தான் இந்த வேலை தெரிந்தவனுக்கு மதிப்பு.

டிப் ஏன் எரிகிறது?

ஐஸ் சூடேறினால் தண்ணீர். தண்ணீர் சூடேறினால் ஆவி. காற்றை அதற்கும் மேலே, மிகமிகச் சூடாக்கினால் அது கரண்ட் பாயும் பொருளாக மாறும். அதுதான் பிளாஸ்மா. வானத்து மின்னலும் அந்த ஜாதிதான். டோர்ச்சுக்குள்ளே அந்தச் சூடு 20,000 பாகை வரை போகும். இரும்பு உருக ஏறக்குறைய 1,500 பாகை போதும். செம்பு 1,085இலேயே உருகிவிடும். அப்படியானால் செம்பால் செய்த டிப் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

காற்றுதான் காப்பாற்றுகிறது. டோர்ச்சுக்குள்ளே பொடி ஓட்டைகள் போட்ட ஒரு வளையம் இருக்கும், சுழல் வளையம் என்போம். அதன் வழியாக வரும் காற்று, பீலித் தொட்டியின் ஓட்டையில் தண்ணீர் சுழன்று இறங்குவதுபோல் சுழன்று இறங்கும். நடுவில் நெருப்பு, அதைச் சுற்றிக் குளிர்ந்த காற்றுச் சுவர். நெருப்பு டிப்பில் படாமல் அந்தச் சுவர் தடுக்கிறது. சுவர் உடைந்தால் டிப் எரியும். ஆம்பியர் கூடினாலும், காற்று குறைந்தாலும், தண்ணீர் கலந்தாலும், சுழல் வளையம் வெடித்திருந்தாலும் சுவர் உடையும். இந்த ஒன்றைப் பொடியன்மார் பிடித்துக்கொண்டால் மீதியைத் தாங்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

டிப்பும் எலக்ட்ரோட்டும்

ஸ்டோரில் தூளைச் சலிக்கும்போது ஒவ்வொரு ரகத்துக்கும் ஒவ்வொரு கண் சல்லடை போடுகிறோம் அல்லவா? டிப்பும் அப்படித்தான். 40 ஆம்பியர் டிப்பின் ஓட்டை ஏறக்குறைய 1 மி.மீ., 60க்கு ஏறக்குறைய 1.2 அல்லது 1.3 மி.மீ. நல்ல டிப்பில் ஆம்பியரோ ஓட்டை அளவோ பொறித்திருக்கும். பொறிக்காத டிப்பை வாங்கினால் டப்பாவிலேயே எழுதி வையுங்கள், ஒன்றோடொன்று கலக்கவிடாதீர்கள்.

டிப்பில் எழுதிய ஆம்பியருக்குச் சற்றுக் கீழே வைப்பது உத்தமம். 40 டிப் என்றால் 38. சிறிய டிப்பில் கூடிய கரண்ட் விட்டால் எரியும். பெரிய டிப்பில் குறைந்த கரண்ட் விட்டால் எரியாது, ஆனால் நெருப்பு தளர்ந்துபோய் வெட்டு அகலமாகவும் கோணலாகவும் வரும். மெல்லிய தகட்டை வெட்டுவதென்றால் கரண்டை மட்டும் குறைத்தால் போதாது, டிப்பையும் மாற்ற வேண்டும். 1 மி.மீ. தகட்டுக்குப் பெரிய டிப்பை வைத்துக்கொண்டு "மெசின் சரியில்லை" என்று குறை சொல்கிறவர்கள் நிறையப்பேர்.

எலக்ட்ரோட் என்பது டிப்புக்கு உள்ளே இருக்கும் செம்புக் குச்சி. அதன் நுனி நடுவில் ஹஃப்னியம் என்ற உலோகத்தை ஒரு பொட்டுப்போல் பதித்திருப்பார்கள். நெருப்பு அந்தப் பொட்டிலிருந்துதான் கிளம்பும். ஒவ்வொரு தடவை பற்றும்போதும் அணையும்போதும் பொட்டில் கொஞ்சம் தேய்ந்து குழி விழும். குழி ஒன்றரை மி.மீ. ஆழத்தை நெருங்கினால் மாற்றிவிடுங்கள். இன்னும் பற்றுகிறதே என்று ஓட்டினால் எலக்ட்ரோட் வெடித்து டிப்பையும், சில நேரம் டோர்ச்சையும் கெடுத்துவிடும். டோர்ச் விலை என்னவென்று கடையில் கேட்டுப் பாருங்கள்! 2022இல் ரூபாய் விழுந்ததிலிருந்து இறக்குமதிச் சாமான் எதுவும் மலிவாக இல்லை.

பற்றி அணைவதில்தான் தேய்வு கூடுதல் என்பதால், சும்மா காற்றில் டிரிகரை அழுத்தி நெருப்பு காட்டி விளையாடக் கூடாது. ஒரு நீள வெட்டை இடையில் நிறுத்தாமல் ஒரே இழுப்பில் முடிக்க வேண்டும். வெட்டு முடிந்த பிறகும் காற்று சில வினாடி ஊதும். சூட்டை ஆற்றுவதற்காகத்தான் அது. ஊதி முடியுமுன் மெசினை நிற்பாட்டாதீர்கள்.

காற்று

எங்கள் கண்டிப் பக்கத்தில் இதுதான் பெரிய தொல்லை. மழைக் காலத்தில் கொழுந்தை வாட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று ஸ்டோர்க்காரர்களுக்குத் தெரியும். அதே ஈரக் காற்றைத்தான் கொம்பிரசர் இழுத்து நெருக்குகிறது. நெருக்கிய காற்று ஆறும்போது தண்ணீர் பிரிந்து டாங்கியின் அடியில் தேங்கும், பிறகு டோர்ச்சுக்குப் போகும். காலையில் வேலை தொடங்குமுன் டாங்கியின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை விட்டுவிடுங்கள். மழை நாளில் மத்தியானமும் ஒருமுறை. மெசினுக்கு முன்னால் தண்ணீர் பிரிக்கும் பில்டர் கட்டாயம் வேண்டும். பில்டர் வாங்கச் சுணங்குகிற முதலாளி அந்தக் காசை டிப்பில் செலவழிக்கிறார்.

ஈரம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மெசினில் காற்றை மட்டும் விடும் செட்டிங் இருந்தால் அதில் வைத்து, டிரிகரைத் தொடாமல், டோர்ச்சுக்கு நேரே வெள்ளைக் காகிதத்தைப் பிடியுங்கள். தண்ணீரோ எண்ணெயோ வந்தால் காகிதத்தில் தெரியும்.

அழுத்தம் பல சிறு மெசின்களுக்கு 65 முதல் 75 பி.எஸ்.ஐ. வரை, உங்கள் மெசினுக்கு எவ்வளவு என்று அதன் புத்தகத்தில் பாருங்கள். காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது மீட்டரைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். காற்று நின்றிருக்கும்போது 75 காட்டி, ஓடத் தொடங்கியதும் 50க்கு விழும் மெசின்களைப் பாஸ் எத்தனையோ பார்த்திருக்கிறாராம். குறைந்தால் டிப் எரியும். கூட்டினாலும் நல்லதில்லை, நெருப்பு பற்றச் சிரமப்படும், எலக்ட்ரோட் சீக்கிரம் தேயும்.

வெட்டைப் பார்த்துக் கண்டுபிடிப்பது

எர்த் கிளிப்பைத் துருவும் பெயின்றும் சுரண்டிய இடத்தில், வைத்துக்கொள்ளும் துண்டிலேயே மாட்டுங்கள். விழப்போகும் துண்டில் மாட்டினால் அது விழும்போது நெருப்பும் போய்விடும். டிப்புக்கும் தகட்டுக்கும் இடையில் ஒன்றரை முதல் மூன்று மி.மீ. இடைவெளி. நடுத் தகட்டில் ஓட்டை போட்டுத் தொடங்குவதானால் டோர்ச்சைச் சாய்த்துப் பற்றவைத்து, பொறி அந்தப் பக்கம் போகும்படி விட்டு, துளைத்ததும் நிமிர்த்த வேண்டும். நேராகக் குத்தினால் உருகிய இரும்பு டிப்புக்குள்ளேயே திரும்பிப் பாயும்.

பிறகு தகட்டின் அடியில் பொறி எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்து போனால் வேகம் சரி. நேர்கீழே கொட்டினால் மெதுவாகப் போகிறீர்கள். அடியில் பெரிய உருண்டையாகக் கசடு ஒட்டும், சுத்தியலால் தட்டினால் விழுந்துவிடும். பொறி மிகவும் பின்னால் பறந்தாலோ மேலே கிளம்பினாலோ வேகம் அதிகம். மெல்லிய கோடாகக் கசடு பிடிக்கும், அதைக் கிரைண்டர் போட்டுத்தான் எடுக்க வேண்டும். மேற்பக்கத்தில் சிதறல் படிந்தால் டோர்ச் உயரத்தில் இருக்கிறது.

இன்னொரு சங்கதி, பாஸ்மாரிலேயே பலருக்குத் தெரியாது. காற்று சுழன்று வருவதால் வெட்டின் இரண்டு ஓரமும் ஒரேமாதிரி வராது. சாதாரண சுழல் வளையத்தில், போகும் திசைக்கு வலது பக்க ஓரம் நேராக இருக்கும், இடது ஓரம் சரிந்திருக்கும். ஆகவே வட்டத் தகடு வேண்டுமென்றால் கடிகாரம் சுற்றும் திசையில் வெட்டுங்கள். ஓட்டை வேண்டுமென்றால் அதற்கு எதிர்த்திசையில். ட்ரையர் குழாய்க்கு வளையம் வெட்டும்போது வெளி வட்டம் ஒரு பக்கம், உள் வட்டம் மறுபக்கம். பொடியனுக்கு இதைச் சொன்னபோது அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும்.

வீட்டார் கவனிக்க வேண்டியவை

டிப் மாற்றுமுன் சுவிச்சை நிறுத்தி, பிளக்கையும் கழற்ற வேண்டும். பிளாஸ்மா டோர்ச்சில் வெல்டிங் மெசினைவிடக் கூடிய வோல்ட் நிற்கிறது. 200, 300 வோல்ட் ஆளைக் கொல்லப் போதும்.

கடன்பட்டு மெசின் வாங்கி லயத்துக் காம்பராவிலேயே வேலை செய்யலாம் என்று சில பிள்ளைகள் நினைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 40 ஆம்பியரில் வெட்டும்போது மெசின் சுவரிலிருந்து இழுக்கும் கரண்ட் 20 ஆம்பியருக்கு மேல் போகும். சாதாரண வீட்டு பிளக் 13 ஆம்பியருக்குத்தான். பழைய வயர் சூடேறிக் கூரைக்குள் பற்றினால் ஒரு வீடல்ல, முழு லயமும் போகும். தனி வயர், தனி டிரிப் சுவிச், லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீசியன், தோட்ட நிர்வாகத்தின் அனுமதி, இவை நான்கும் இருந்தால் வேறு கதை.

கண்ணாடி 40 ஆம்பியர் வரை 5ம் எண்ணுக்கு, 60 வரை 6ம் எண்ணுக்குக் குறையக் கூடாது; வெயில் கண்ணாடி உதவாது. இரவில் கண் மணல் விழுந்ததுபோல் உறுத்தினால் உருளைக்கிழங்கு வைப்பதும் தாய்ப்பால் விடுவதும் வேண்டாம் அம்மா, ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். சில்வர் தகட்டுப் புகை நுரையீரலைக் கெடுக்கும், நாகம் பூசிய தகட்டுப் புகை அன்றிரவே காய்ச்சலைக் கொண்டுவரும். வெளிக்காற்று வரும் இடத்தில்தான் வெட்ட வேண்டும். டீசல், பெயின்று, மருந்து இருந்த மூடிய பீப்பாயை யார் சொன்னாலும் வெட்டக் கூடாது. வெறும் பீப்பாய்தானே என்பார்கள். உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும்.

அந்தப் பொடியன் இப்போது ஒரு கொப்பி வைத்திருக்கிறான். டிப் மாற்றிய தேதி, ஆம்பியர், தகட்டின் கனம், காற்றழுத்தம் என்று எழுதி, எரிந்த டிப்பையும் தகர டப்பாவில் போட்டு வைக்கிறான். அடுத்த முறை சம்பளத்தில் பிடிக்க வந்தால் காட்டுவதற்கு ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? இந்தக் கொப்பிக்கு இன்னொரு பயனும் உண்டு. வேலை செய்தே பழகியவர்களுக்கு, வகுப்புக்குப் போகாமலே, செய்த வேலையைப் பரிசோதித்துத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ., கொடுக்கும் முறை இருக்கிறது. தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையில், நைற்றா என்று சொல்வார்கள், விசாரிக்க வேண்டும். செய்த வேலைகளின் படம், குறிப்பு, வேலை கொடுத்தவரின் கடிதம் இருந்தால் அங்கே காட்டலாம். படிவம் நிரப்பத் தெரியாத பிள்ளைகள் அடையாள அட்டையையும் பாடசாலைச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள், கூட இருந்து நிரப்பித் தருகிறோம்.