கைராசிக்கும் கற்றாழைக்கும் சம்பந்தமில்லை

சாத்தூர்ப் பக்கம் கண்மாய்க் கரையில் யாரும் ஊன்றாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் மண்டிக் கிடக்கிற செடி சோற்றுக்கற்றாழை. அது பெங்களூரு அருகே சந்தாபுராவில் என் பால்கனிக்கு வந்து சாகப் பார்த்ததும், "உனக்குக் கைராசி இல்ல" என்று போனிலேயே முடித்துவிட்டார் என் நாத்தனார். செடி பிழைத்து இப்போது குட்டியும் போட்டுவிட்டது. ஆகவே நாலு விஷயம் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

முதலில் மடல்கள் மெலிந்தன. சோறு கட்டித் தடித்திருக்க வேண்டியவை ஒட்டிப்போய், ஓரங்கள் உள்பக்கமாகச் சுருண்டன. படம் எடுத்து எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லாரிடமிருந்தும் ஒரே பதில்: தண்ணீர் பத்தவில்லை. மாடித்தோட்டக்காரர் ஒருவர் காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர் என்று அளவுகூடச் சொன்னார். ஊற்றினேன். ஊற்ற ஊற்ற மெலிந்தது. பிறகு அடிமடல்கள் மஞ்சளாகி, நீர்கோத்து, தொட்டால் கையோடு வந்தன.

இந்த இடத்தில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். தண்ணீர் காணாத கற்றாழையும் வேர் அழுகிய கற்றாழையும் ஆரம்பத்தில் மேலுக்குப் பார்க்க ஒன்றாகவே இருக்கும். வேர் அழுகிவிட்டால் நீரை உறிஞ்ச வழியில்லை. தொட்டி நிறைய ஈரம் இருந்தும் செடி தவித்துப்போய், மடலில் சேர்த்துவைத்திருப்பதை எடுத்துச் செலவழிக்கிறது. மடல் மெலிகிறது. பார்க்கிறவர்கள் இன்னும் ஊற்றச் சொல்கிறார்கள். ஓயாத ஈரத்தில் காற்று நுழைய இடமில்லாமல் மிச்ச வேரும் மூச்சுமுட்ட, அழுகல் பூஞ்சை வந்து கணக்கை முடித்துவிடுகிறது. இதைப் படத்தில் கண்டுபிடிக்க முடியாது. செடியைப் பிடுங்கித்தான் பார்க்க வேண்டும். அத்தனை பேர் இருக்கிற குழுவில் ஒருவர்கூடப் பிடுங்கிப் பாருங்கள் என்று சொல்லவில்லை.

தண்ணீர் இல்லாமல் சாகிற சாதியா அது? சந்தாபுரா சர்க்கிள் பக்கம் வந்தால் கடை வாசல்களை அண்ணாந்து பாருங்கள். திருஷ்டிக்காக வேரோடு தலைகீழாகக் கட்டிவிட்ட கற்றாழை, மண்ணும் இல்லாமல் நீரும் இல்லாமல், பஸ் புகையில் மாதக்கணக்கில் உயிரோடு தொங்கும். அரேபியத் தீபகற்பத்து வறண்ட நிலத்துக்குப் பழகிய இனம். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து, வெயிலுக்கு நீரைப் பறிகொடுக்கும். கற்றாழையோ பகலில் மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில்தான் திறந்து கரியமில வாயுவை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். அதற்குப் போய் வேளைக்கு ஒரு டம்ளர்!

பிடுங்கியதும் எல்லாம் தெரிந்தது. ஓசூர் ரோட்டில் ஒரு நர்சரியில், "அப்படியே வைங்கம்மா, எதையும் மாத்தாதீங்க" என்று சொல்லி விற்ற பீங்கான் தொட்டி. அடியில் துளையே கிடையாது. உள்ளே வெறும் தென்னைநார்க் கழிவு. எடை இல்லை, வண்டியில் ஏற்றச் சுலபம், நாள்கணக்கில் ஈரம் பிடித்து வைத்திருக்கும். விற்கிறவருக்கு வசதி, கற்றாழைக்கு எமன். அதிலும் அப்போது ஆகஸ்ட் மாதம். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர் இது. ஜூனில் மழை பிடித்தால் அக்டோபர் வரை தொட்டி லேசில் காயாது. சாத்தூர் வெயிலில் உட்கார்ந்துகொண்டு கைராசி பேசுகிறவருக்கு இது எங்கே தெரியப் போகிறது.

வைத்தியம் பெரிதாக ஒன்றுமில்லை. வேரைக் கழுவுங்கள். நல்ல வேர் வெளிறி விறைப்பாக இருக்கும். அழுகியது கறுத்து, இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வரும். கத்தியை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, அழுகியது அத்தனையையும் வெட்டி, தண்டின் அடியையும் பழுப்பு மறைகிற வரை சீவுங்கள். இரக்கப்பட்டு விட்டுவைத்த துளி அழுகல் மேலே ஏறிவிடும். பிறகு வெட்டுவாய் பக்குக் கட்டுகிற வரை நிழலில் காகிதத்தின் மேல் கிடக்கட்டும். மழைக்காலத்தில் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். மண்ணில்லாமல் கிடக்கிறதே என்று என் வீட்டுக்காரர் பதறினார். கீழே மளிகைக்கடை வாசலைக் கைகாட்டினேன்.

மண் பாதி செம்மண், பாதி பருமணல். ஆற்றுமணலுக்கு எங்கே போவது? உங்கள் தெருவிலும் எப்படியும் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டுதான் இருக்கும். மேஸ்திரியிடம் கேட்டு எம்-சாண்ட் வாங்கி, சலித்து, மாவைத் தள்ளிவிட்டுக் கப்பியை மட்டும் எடுங்கள். மாவோடு போட்டால் இறுகிப்போய் நீர் இறங்காது. உடைத்த செங்கல் கொஞ்சம். உரம் வேண்டாம். துளையுள்ள மண்தொட்டி, அடியில் தட்டு வைக்காதீர்கள். நட்டு ஒரு வாரம் சொட்டுத் தண்ணீர் கூடாது. அப்புறம் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

வெயிலுக்கு நகர்த்தியதும் மடல் செம்பழுப்பாக மாறினால் உடனே குழுவில் படம் போடாதீர்கள். வெயில் பழகினால் பச்சை திரும்பும். கிழக்குப் பார்த்த பால்கனியென்றால் காலை வெயில் போதும். மாவுப்பூச்சி வந்தால் சோப்புத் தண்ணீர் நனைத்த துணியால் துடைத்துவிடலாம்.

ஒற்றை மடலை வாழைப்பழத்தில் குத்தி நட்டால் வேர் விடும் என்று காட்டுகிற வீடியோக்களை நம்பி நல்ல மடலை வெட்டாதீர்கள். தண்டு ஒட்டாத கற்றாழை மடல் மண்ணில் அழுகித்தான் போகும். புதுச் செடி வேண்டுமென்றால் அடியில் முளைக்கிற குட்டிதான். அதுவும் சொந்த வேர் விட்ட பிறகு பிரிக்க வேண்டும். மழை ஓயாமல் பிரித்தால் வெட்டுவாய் காயாது. நாத்தனார் ஒரு குட்டி கேட்டிருக்கிறார். தை பிறக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.