லாரிச் சட்டத்துக்கு ஒட்டுப் போடலாமா?

நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் போனவர்கள் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகளைக் கண்டிருப்பீர்கள். கூடு கட்டாத லாரியில் முன்னிருந்து பின்வரை இரண்டு நீண்ட எஃகுச் சட்டங்கள் ஓடும். குறுக்குச் சட்டங்கள் அவற்றை இணைக்கும். ஏணியைப் படுக்க வைத்தாற்போன்ற இந்த அமைப்புதான் சேஸிஸ். எஞ்சின், சரக்கு, ஓட்டுநர் அனைத்தையும் தாங்குவது இதுவே.

விபத்தில் நீண்ட சட்டம் நசுங்கிவிட்டால், கெட்ட பகுதியை அறுத்தெடுத்து, அதே அளவும் தரமும் உள்ள புதுத் துண்டை வெல்டிங் செய்து பொருத்துவது உண்டு. எப்படி அறுப்பது என்பதில்தான் விஞ்ஞானம் இருக்கிறது.

முதலில் ஒரு சோதனை. நீளமான ரப்பர் ஒன்றின் பக்கத்தில் நேர்க்குத்தாகப் பல கோடுகள் வரையுங்கள். இரு முனைகளையும் தாங்கி, நடுவில் கீழ்நோக்கி அழுத்துங்கள். கோடுகள் மேலே நெருங்கும், கீழே விலகும், மையத்தில் இடைவெளி மாறாது.

இரு அச்சுகளுக்கும் இடையே லாரிச் சட்டத்திலும் இதுவே நடக்கிறது. மேல்விளிம்பு அமுங்குகிறது, கீழ்விளிம்பு இழுபடுகிறது. அதனால்தான் சட்டத்தைச் சாய்த்து வைத்த ‘ப’ வடிவில் செய்து, மேலும் கீழும் அகன்ற விளிம்புகள் வைக்கிறார்கள். விளிம்பில் விழும் சிறு விரிசலும் ஆபத்தானது.

நேர்க்குத்தாக அறுத்தால் ஒட்டு முழுவதும் ஒரே குறுக்குவெட்டில் விழும். நடுத்தகட்டை 45 பாகை சாய்வாக அறுத்தால், மேல்விளிம்பின் ஒட்டும் கீழ்விளிம்பின் ஒட்டும் வெவ்வேறு இடங்களில் அமையும். நடுத்தகட்டில் ஒட்டின் நீளமும் 1.41 மடங்காகும். ஏன் 1.41? பிதாகரஸ் தேற்றத்தைக் கொண்டு நீங்களே கண்டுபிடியுங்கள்!

அடுத்தது வெப்பம். எஃகு சுமார் 1,500 பாகை செல்சியசில் உருகுகிறது. ஒட்டை அடுத்த பகுதி உருகாவிட்டாலும் அதன் உள்ளமைப்பு மாறுகிறது. கார்பன் மிகுந்த எஃகு விரைவில் குளிர்ந்தால் கடினமாகி, எளிதில் முறியும். வெல்டிங் ராடு ஈரமாக இருந்தாலோ, நீரிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் எஃகினுள் புகுந்து, பல மணி நேரம் கழித்துக்கூட விரிசல் உண்டாக்கும். ஆகவே ராடை உலர்த்திப் பயன்படுத்த வேண்டும். வெப்பத்தால் பதப்படுத்திய உயர்வலிமை எஃகாக இருந்தால், வெல்டிங் சூட்டில் அந்தப் பதமே கெட்டுவிடும். தயாரிப்பாளரின் கையேடு வெல்டிங் கூடாது என்றால், முழுச் சட்டத்தையும் மாற்றுவதே முறை.

பொருத்தியதும் சேஸிஸ் கோணலின்றி இருக்கிறதா என்று எப்படி அறிவது? எதிரெதிர்ப் பக்கங்கள் சமமான நாற்கரத்தில் மூலைவிட்டங்களும் சமமானால் அது செவ்வகம். பட்டறையில் இதை அளவு நாடாவாலேயே சோதிக்கிறார்கள். மூலைவிட்டங்கள் சமமில்லாமல் அச்சுகள் கோணலாக அமைந்தால், லாரி ஒரு பக்கம் இழுக்கும். டயரும் விரைவில் தேயும்.

ஒட்டு வெளியே பளபளப்பாக இருந்தால் மட்டும் போதாது. அதன்மேல் மண்ணெண்ணெய் தடவி, சிறிது நேரம் கழித்து நன்றாகத் துடைத்து, சுண்ணாம்புத் தூளைப் பூசினால், மேற்பரப்பில் விரிசல் இருக்கும் இடத்தில் எண்ணெய் கசிந்து ஒரு கோடு தெரியும். கண்ணுக்குத் தப்பிய அந்த மெல்லிய கோட்டை நம்பித்தான், பல டன் சரக்கோடு ஓர் ஓட்டுநர் இரவெல்லாம் பயணம் செய்யப்போகிறார். கோடு தெரிந்தால் அந்த ஒட்டைத் தேய்த்தெடுத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குவதே நல்ல தொழிலாளியின் வழக்கம்.